இரண்டு கடலுக்கு நடுவே வடக்கு

1

போன கிழமை ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரவில்லை. ஆசிரியர்கள் மட்டும் கூடியிருந்து கதைக்கிற நாள் அது. நோர்வேயில் வருடத்துக்குச் சில தடவை இப்படி நடக்கும். கோப்பியும் கேக்கும் தருவார்கள். அதற்குப் பதிலாக வெளியிலிருந்து வரும் யாராவது ஒருவருடைய பேச்சை நாங்கள் கேட்க வேண்டும். கேக் நன்றாயிருந்தால் பேச்சும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

நான் அங்கே முழு ஆசிரியை அல்ல. கணித வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கும் உதவியாளர். ஊரில் கணிதம் படிப்பித்தவள்தான். அதை இந்த நாடு ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று விண்ணப்பம் அனுப்பினேன். பள்ளிக்கூடக் காலத்தில் எனக்குக் கணிதம் கற்பித்தவர் யார், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் கேட்டிருந்தார்கள். வெறுமையாக விட்டேன், திரும்பி வந்தது. ‘ஒருவருமில்லை’ என்று எழுதி அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் இரக்கமாக, “அப்படியானால் நீங்கள் கணிதம் படிக்கவில்லையா?” என்று கேட்டாள். படித்தேன் அம்மா, நன்றாகவே படித்தேன் என்றேன். அவளுக்கு அது எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.

அன்றைக்குப் பேச வந்தவர் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மஞ்சள் துண்டுக் கடதாசி தந்தார். பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று படிப்பில் மிகச் சிறந்து விளங்குவதற்கு எது உதவுகிறது, ஒரே சொல்லில் எழுதுங்கள் என்றார். நித்திரை என்று எழுதினார் ஒருவர். காலைச் சாப்பாடு, பெற்றோர், தன்னம்பிக்கை என்று மற்றவர்கள் எழுதினார்கள். தேகப்பயிற்சி ஆசிரியர், தொலைபேசியைப் பறித்து வைப்பது என்று எழுதிவிட்டுத் தானே சிரித்தார். நான் ‘கயிறு’ என்று எழுதினேன்.

பேச வந்தவர் அதை வாசித்ததும் முகம் வெளுத்துப் போனார். “நீங்கள் பிள்ளைகளைக் கட்டிப்போடுவதைச் சொல்கிறீர்களா?” என்று மெதுவாகக் கேட்டார். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐயையோ, அப்படியில்லை என்று தொடங்கி, கடற்கரை, வலை, மீன் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கடைசியில் அவர், “சுவாரசியம்” என்றார். இந்த நாட்டில் அதற்கு, விளங்கவில்லை, உட்காருங்கள் என்று அர்த்தம். உட்கார்ந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல முடியாததைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் கடற்கரை ஊரான உடப்பில் நான் பதினோராம் வகுப்புப் படித்தது சண்டைக் காலம். எங்கள் கரையில் குண்டு விழவில்லை. ஆனாலும் சண்டை எங்களைத் தேடி வேறு வழிகளில் வந்தது. அதற்கு முந்தின வருடம் கணித ஆசிரியர் ஒருவர் மலைநாட்டிலிருந்து வந்து ஒரு தவணை இருந்தார். சோதனைச் சாவடியில் இரண்டு தடவை பஸ்ஸிலிருந்து இறக்கி நாள் முழுக்க இருத்தி வைத்தார்கள். மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவருக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

டியூசனுக்குச் சிலாபத்துக்குப் போகலாம். பையன்களைத் தனியாக பஸ் ஏற்ற எந்தத் தாய் சம்மதிப்பாள்? பெண்பிள்ளைகளை எந்தத் தகப்பன் விடுவான்? ஆகவே கணிதப் பாடவேளையில் நாங்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர், வெறும் கரும்பலகை, முன் அட்டையும் சில பக்கங்களும் போன ஒரே ஒரு பாடப்புத்தகம். கணிதம் தவறினால் மேலே படிக்க வழியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் கதிரேசன் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றான். வகுப்பில் கணக்கு ஆக நன்றாக வந்தவன் அவன்தான். வாயும் அவனுக்குக் கொஞ்சம் நீளம். “மாஸ்டர் வரமாட்டாரு. வந்தா மாலை போட்டுக் கூப்பிடுவோம். இப்ப நாமளே இழுப்போம்” என்றான்.

எங்கள் ஊர் கரைவலை ஊர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் தூரத் தூர இரண்டு இடத்துக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பாட்டோடு இழுப்பார்கள். ஒரு பக்கம் பலசாலிகள் என்று வேகமாக இழுத்தால் வலை கோணிப் போகும், மீன் வெளியே பாய்ந்துவிடும். ஆகவே பலமான பக்கம் மற்றப் பக்கத்துக்காக நின்று நிதானித்துத்தான் இழுக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. வழியில் போகிறவன் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிகூட அதை மறுக்க முடியாது. மறுத்த சம்மாட்டியை நான் கண்டதில்லை.

கதிரேசன் வகுப்பை இரண்டு பக்கமாகப் பிரித்தான். ஒரு பக்கம் ஒரு அலகைப் படிக்கும், மற்றப் பக்கம் அடுத்ததை. பிறகு ஒருவருக்கொருவர் படிப்பிக்க வேண்டும். கெட்டிக்காரன் வந்து விளாசிவிட்டுப் போக முடியாது. எந்தப் பக்கத்திலும் ஆகப் பின்னால் நிற்பவர்தான் கரும்பலகைக்குப் போய் விளக்கவேண்டும். அந்த ஆளுக்கு விளங்கும் வரை யாரும் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கூடாது. ஆரம்பத்தில் எனக்குக் கதிரேசனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஆகப் பின்னால் நின்றவள் நான்தான்.

என்ன அதிசயம் பாருங்கள், எனக்கு விளங்கவைப்பதற்காகக் கெட்டிக்காரர்கள் ஒரே கணக்கை நாலு விதமாகச் செய்யப் பழகிவிட்டார்கள். எனக்கோ, விளங்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுகிற வெட்கம் போய்விட்டது.

3

அந்த வருடம் தை மாதத்தில் சுகந்தி வந்து சேர்ந்தாள். அவளுடைய தகப்பன் எங்கள் ஊர்க்காரர். முந்தியெல்லாம் சோளகக் காற்றடித்து எங்கள் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஊர் ஆண்கள் கிழக்குக் கரைக்குப் போய் வாடி என்கிற ஓலைக் குடில் போட்டுத் தங்கி, மீன்பிடித் தொழில் செய்வார்கள். அப்படி முல்லைத்தீவுக்குப் போனவர் அங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்டார். ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. புயல் இல்லாத நாள் அது. அந்தக் கடலில் அப்போது புயலைவிடப் பெரிய ஆபத்துகள் இருந்தன. தாயும் மகளும் காடுமேடெல்லாம் கடந்து, தகப்பனின் சொந்தக்காரரைத் தேடி உடப்புக்கு வந்தார்கள்.

வந்த புதிதில் சுகந்திக்கு எங்கள் ஊரில் திசையே பிடிபடவில்லை. கடைக்குப் போ என்றால் கோயிலடிக்குப் போய் நிற்பாள். ஒருநாள் பின்னேரம் என்னோடு கரையில் நின்றவள், “இஞ்ச என்னடி, சூரியன் கடலுக்குள்ள போய் விழுகுது” என்றாள். அது விழாமல் வேறெங்கே விழும் என்று நான் கேட்டேன்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இரண்டு வருடம் அவள் பள்ளிக்கூடத்தையே காணவில்லை. அதிபர் அவளைக் கீழ் வகுப்பில் இருத்தப் பார்த்தார். ஆனால் தாய் ஒரே பிடியில் நின்றார். அவருடைய கணக்கு வேறு. சிலாபத்து ஏஜென்ட் ஒருவன், மகளுக்கு வயதைக் கூட்டிப் போட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தான். பாஸ்போட்டுக்குப் படம்கூட எடுத்தாயிற்று. “இந்த வருசம் சோதினை எழுதிப் பாசானால் படிக்கட்டும் ஐயா. இல்லையெண்டால் போகட்டும். இன்னொரு வருசம் வைச்சிருக்க என்னட்ட வழியில்லை” என்று அதிபரிடம் எங்கள் காதுபடச் சொன்னார். சுகந்தி பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

அதிபர் கடைசியில் இறங்கி வந்தார். பதினோராம் வகுப்பிலேயே இருக்கட்டும், முதலாம் தவணைப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்தால் மட்டும், வருட முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பத்தில் கையெழுத்து வைப்பேன் என்றார். கல்விக் கந்தோரில், ஏன் இத்தனை பேர் தவறினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் அந்தப் பரீட்சை.

4

என் மகன் அகிலனுக்கு இப்போது பதினைந்து வயது. கணக்கில் இங்கே கொடுக்கிற ஆகக் கூடிய புள்ளி எப்போதும் அவனுக்குத்தான். ஊரில் இருந்து அழைக்கிற எல்லோருக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறேன், தாய் அல்லவா. ஆனால் அவனுடைய அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது. என்னுடைய தமிழுக்கு அவன் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்கிறான்; சாப்பாடு வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும்.

அந்த மஞ்சள் கடதாசி நாளன்று பின்னேரம், வகுப்புத் தோழன் ஒருவன் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஏதோ கணக்குக் கேட்டான். இவன், நீயே தேடிப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனடா, சொல்லிக் குடுத்தா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?”

“அம்மா, அவன் ஸ்லோ. நான் ஏன் அவனுக்காக நிக்கணும்?” அதை மட்டும் நல்ல தமிழில் சொன்னான்.

உட்காரடா என்று குசினி மேசைக்கு முன்னால் இருத்தினேன். தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். தேகப்பயிற்சி ஆசிரியர் எழுதியதும் ஒரு விதத்தில் சரிதான். பிறகு அவனுக்குக் கதிரேசனையும் சுகந்தியையும் சொல்லத் தொடங்கினேன். இவ்வளவும் சொல்லி முடித்தபோது அவன் கொட்டாவி விடவில்லை. அதனால் அடுத்ததையும் சொன்னேன்.

5

பங்குனி மாதம் நாங்கள் திசைகோள் அலகுக்கு வந்தோம். கப்பல், துறைமுகம், வெளிச்சவீடு என்று வரும் கணக்குகள். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பாகையில் சொல்லவேண்டும். எங்கள் புத்தகத்தில் அந்த அலகின் முதல் பக்கம் இல்லை. மிஞ்சிய பக்கம் ஒரு வசனத்தின் பாதியில் தொடங்கியது: ‘இலிருந்து வலஞ்சுழியாக அளக்கப்படும் கோணமாகும்.’ எதிலிருந்து என்பது போன பக்கத்தோடு போய்விட்டது.

எதிலிருந்து என்று யாரும் கேட்கவே இல்லை. இதிலென்ன கேள்வி, கடலிலிருந்துதான். எங்கள் ஊரில் யாருக்கு எந்தத் திசை சொன்னாலும் முதலில் கடலைப் பார்த்து நின்றுதான் சொல்வோம். கணக்குகளும் கப்பல் கணக்குகள். ஆகவே கடலைப் பார்த்து நின்று, அங்கே பூச்சியம் என்று வைத்து, வலப்பக்கமாக அளந்தோம்.

முதல் கணக்கு இப்படி: கப்பல் ஒன்று துறைமுகத்திலிருந்து கிழக்கே நான்கு கிலோமீற்றர் போய், பிறகு தெற்கே நான்கு கிலோமீற்றர் போகிறது. துறைமுகத்திலிருந்து கப்பலின் திசைகோள் என்ன? எங்களுக்கு வந்த விடை இருநூற்று இருபத்தைந்து. புத்தகத்தின் கடைசியில் இருந்த விடை நூற்று முப்பத்தைந்து. அடுத்த கணக்கிலும் தொண்ணூறு கூடுதலாக வந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

“அச்சடிச்சவன் தூங்கிட்டான்” என்றான் கதிரேசன். “கவலைய விடுங்க. வந்த விடையில தொண்ணூறக் கழிச்சிடுங்க, சரியா வரும்.”

கழித்தோம், சரியாக வந்தது. ஒரே ஒரு கணக்கில் மட்டும் எங்கள் விடை முப்பது. அதில் தொண்ணூறைக் கழிக்க வழியில்லை. அது அச்சுப்பிழைக்குள் அச்சுப்பிழை என்று விட்டுவிட்டோம். அடுத்த அலகுக்குப் போக எல்லோரும் ஆயத்தம். வகுப்பு வழக்கப்படி, ஆகப் பின்னால் நிற்கும் ஆளைக் கரும்பலகைக்கு அனுப்பினோம். இப்போது அந்த இடம் எனக்கல்ல, சுகந்திக்கு.

அவள் முதல் கணக்கைச் செய்தாள். நாற்பத்தைந்து என்று எழுதினாள்.

“எரநூத்து இருவத்தஞ்சு வரணும். பொறகு தொண்ணூறக் கழிக்கணும்” என்றான் கதிரேசன்.

“எனக்கு நாப்பத்தஞ்சுதான் வருது. தொண்ணூறைக் கூட்டினால்தான் புத்தகத்தில இருக்கிற விடை வருது.”

“கூட்டுறதா? கழிக்கணும்டி!”

“கழிச்சால் ஒண்டும் இல்லாமல் போயிடும், பாரன்.”

வகுப்பு சிரித்தது. கதிரேசன் சுண்ணக்கட்டியைப் பறித்துக்கொண்டு போய் எங்கள் படத்தைப் பக்கத்தில் வரைந்தான். வரைந்துகொண்டே, “இந்தக் கணக்குப் போட்டவனுக்கும் மூளை இல்ல. கப்பல் கெழக்க போகுதாம். கெழக்க போனா கோயிலத் தாண்டி முந்தல் களப்புக்குள்ள போய்ச் சேத்துல புதைஞ்சு நிக்கும்” என்றான். மேசைகளைத் தட்டிச் சிரித்தோம். உடப்பில் கடல் மேற்கே. கிழக்கே ஆழமில்லாத உப்புநீர் ஏரியான முந்தல் களப்பு. அதில் கப்பல் போவதை நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

சுகந்தி சிரிக்கவில்லை. “எங்கட ஊரில கிழக்கதான் கடல்” என்றாள்.

தன் படத்தில் துறைமுகத்தின்மேல் விரலை வைத்தாள்.

“வெளிக்கிட்டால் கப்பல் கிழக்கத்தான் போகவேணும். வேற வழியில்லை. சூரியன் அங்கயிருந்துதான் எழும்பும்.” பிறகு கதிரேசனைப் பார்த்துக் கேட்டாள்: “நீங்கள் எதில இருந்து அளக்கிறியள்?”

“கடல்ல இருந்து.”

“நானும் கடலில இருந்துதான் அளக்கிறன்.”

கதிரேசன் கரும்பலகையைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றான். வாய் மூடாத கதிரேசனை நாங்கள் தினமும் பார்ப்போம். திறந்த வாயிலிருந்து சத்தம் வராத கதிரேசனை அன்றைக்குத்தான் பார்த்தோம். பிறகு, “எல்லாரும் வெளிய வாங்க” என்று ஓடினான்.

பள்ளிக்கூட முற்றத்தில் தன்னை மேற்கே பார்க்க நிறுத்திக்கொண்டான். சுகந்தியைக் கிழக்கே பார்க்க நிறுத்தினான். “நாங்க கழிக்கிறோம், அவ கூட்டுறா. பொத்தகம் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கயோ பாத்துக்கிட்டு நிக்குது. பாமா, நீ வா. நீதான் பொத்தகம்.”

நான் போய் நடுவில் நின்றேன். இடது கையை அவன் பார்க்கும் கடலுக்கு நீட்டச் சொன்னான், வலது கையை அவள் பார்த்து வளர்ந்த கடலுக்கு. நீட்டினேன். “இப்ப உன் மூஞ்சி எங்க பாக்குது?” என்றான்.

வடக்கு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதை எழுதும்போதும் புல்லரிக்கிறது. வடக்கு என்ற சொல்லை அந்தக் காலத்தில் நாங்கள் வானொலிச் செய்தியில் மட்டும்தான் கேட்டோம், அதுவும் ஒரு நல்ல செய்தியோடும் கேட்டதில்லை. அந்த வடக்கு, யாரும் சொல்லித்தராமல், கிழிந்துபோன பக்கத்திலிருந்து எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றது. உலகத்துக் கப்பல்காரரெல்லாம் எந்தத் திசையைப் பூச்சியமாக வைத்து அளக்கிறார்களோ, அதை உடப்புப் பிள்ளைகளும் முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு பிள்ளையும் சேர்ந்து கண்டுபிடித்திருந்தோம். அவள் வராமல் இருந்திருந்தால் நாங்கள் சாகும்வரை தொண்ணூறைக் கழித்துக்கொண்டே இருந்திருப்போம்.

உள்ளே ஓடிப்போய், அச்சுப்பிழைக்குள் அச்சுப்பிழை என்று விட்ட கணக்கை வடக்கிலிருந்து அளந்தோம். முந்நூறு. புத்தகத்திலும் முந்நூறு. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அடுத்த வகுப்பிலிருந்து சங்கீத டீச்சர் வந்து, பாம்பு ஏதும் வந்துவிட்டதா என்று கேட்டார்.

6

தவணைப் பரீட்சை வந்தது. திசைகோள் கணக்கில் சுகந்திக்கு முழுப் புள்ளி. மற்றதெல்லாம் அடி வாங்கியது. பின்னமும் அட்சரகணிதமும் அவள் பள்ளிக்கூடத்தைக் காணாத அந்த இரண்டு வருடத்துக்குள் அகப்பட்டுப் போயிருந்தன. இரண்டரை மாதத்தில் எவ்வளவைத்தான் பிடிப்பது? சித்திப் புள்ளிக்குக் கீழே நின்றுவிட்டாள்.

அதிபர் அவளைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் பார்ப்போம் பிள்ளை என்றார். அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சுகந்தி வகுப்புக்கு வந்து, புத்தகத்தைக் கதிரேசனிடம் கொடுத்துவிட்டு, “நான் போறன்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

கதிரேசன் எழுந்து நடந்தான். எங்கே போகிறாய் என்று நாங்கள் கேட்கவில்லை, பின்னால் போனோம். அதிபரின் அறை வாசலில் வகுப்பு முழுவதும் போய் நின்றது.

“என்னடா கூட்டம்?” என்றார் அதிபர். நல்ல மனிதர், ஆனால் குரல் கொஞ்சம் கடுமை.

“சேர், சுகந்தி சோதினை எழுதணும்” என்றான் கதிரேசன்.

“அவ பாஸ் பண்ணல்ல. சொன்ன சொல்லுதானே.”

“ஓம் சேர். ஆனா அவ கயித்துல கை வச்சிட்டா.”

அதிபர் நிமிர்ந்து பார்த்தார். “இது கரைவலை இல்லடா. பள்ளிக்கூடம்.”

“மாஸ்டர் இல்லாத பள்ளிக்கூடம் சேர். நாங்கதான் இழுக்கிறோம். அவளும் இழுத்தா. திசைகோள் எங்க எல்லாருக்கும் வெளங்கினது அவவாலதான். நாங்க மட்டும் பங்கெடுத்துக்கிட்டு அவளக் கரையில விட்டுட்டுப் போகலாமா?”

“அவ பெயிலானா பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பேரு. கந்தோர்ல கேட்டா நான் என்னா சொல்ல?”

“வலை வெறுமையா வந்தா எல்லாருக்கும்தானே சேர் வெறுமை” என்றேன் நான். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “அவவுக்குப் பின்னம் நான் சொல்லிக் குடுக்கிறேன் சேர். எனக்கே வெளங்கிட்டுது, அவவுக்கு வெளங்காதா?”

எங்கள் அதிபர் வெளியூர்க்காரராக இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் உடப்பில் பிறந்தவர், சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. தகப்பன் பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். மேசை லாச்சியை இழுத்துப் பேனையை எடுத்தார்.

“கூட்டிட்டு வாடா அவள. போறதுக்கு முன்ன பிடி” என்றார்.

கதிரேசன் ஓடிய ஓட்டத்தில் வாசல் கதிரை விழுந்தது.

7

இதை மகனுக்குச் சொல்லி நிறுத்தியபோது தேநீர் ஆறிவிட்டது. அவன் தொலைபேசியைத் திருப்பவில்லை. கொஞ்சநேரம் மேசையில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தான். கோணம் அளக்கிறான் என்று தெரிந்தது.

“அம்மா, அந்தப் பக்கம் கிழியாம இருந்திருந்தா?”

என்ன சொல்ல? அப்படியானால், வடக்கிலிருந்து அளக்கவேண்டும் என்று பாடமாக்கியிருப்போம். விடை சரியாக வந்திருக்கும். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்போம். எங்களைப் பார்த்து, நீங்கள் எதிலிருந்து அளக்கிறீர்கள் என்று சுகந்திக்குக் கேட்கத் தோன்றியிராது. புத்தகத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை நான். ஆசிரியர் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். ஆசிரியர் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியும், நாங்கள் தப்பியது போல எத்தனை வகுப்புகள் தப்பவில்லை என்றும் தெரியும். ஆனால் ஒரு பிள்ளை சிறந்து வருவதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வருகிறது. வேகமாக ஓடக்கூடியவன் நின்றான். பின்னால் நின்றவள் வாய் திறந்தாள். ஒருவர் பிழையைப் பார்த்து மற்றவர் சிரித்துவிட்டுப் போகாமல், எங்கிருந்து அளந்தாய் என்று கேட்டார். இதை அந்த மஞ்சள் கடதாசியில் எப்படி எழுதுவது?

மகனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “தெரியாதடா” என்றேன். “பிறகு அவ பாசா?” என்று கேட்டான். அறைக்குப் போகாமல் இருந்து கேட்டான், அதுவே எனக்குப் பெரிய காரியம்.

8

அந்த வருட மிச்சம் முழுவதும் இழுத்தோம். நான் பின்னம் சொல்லிக் கொடுத்தேன்; சொல்லிக் கொடுத்த பிறகுதான் எனக்கே பின்னம் ஒழுங்காக விளங்கியது. கதிரேசன் அட்சரகணிதத்தோடு மல்லுக்கட்டினான். இடையில் இராணுவச் சுற்றிவளைப்பு என்று பள்ளிக்கூடம் பூட்டிய நாட்கள் வந்தன. அந்த நாட்களில் யார் வீட்டு முற்றத்திலாவது கூடினோம். ஏஜென்ட் இரண்டு முறை வந்து போனான். சோதினை முடியட்டும் என்று தாய் சொல்லி அனுப்பினார். மார்கழியில் எழுதினோம்.

பெறுபேறு வந்த அன்று அதிபரின் அறை வாசலில் திரும்பவும் நாங்கள் எல்லோரும் நின்றோம். அதிபர் பெயர் பெயராக வாசித்தார். கணிதத்தில் கதிரேசனுக்கு அதி விசேட சித்தி. எனக்குத் திறமைச் சித்தி. நம்பாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்துக்கொண்டே போனார், ஒருவர்கூடத் தவறவில்லை. கணித ஆசிரியரே இல்லாத வகுப்பில் ஒருவர்கூடத் தவறவில்லை! கடைசியாகச் சுகந்தி. சாதாரண சித்தி. எல்லோரையும்விடக் குறைவு, ஆனாலும் சித்தி. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுகந்தியின் தாய் வேலை செய்த இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “பாசாமே ஐயா?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா.”

அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. “இதுக்குப் பிறகு எந்த வகுப்பு?”

“உயர்தரம். ரெண்டு வருசத்துக்கு மேல வரும்.”

ரெண்டு வருசம் என்று அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

“கணக்குப் படிப்பிக்க ஆக்கள் இருக்கினமே?”

அதிபர் பொய் சொல்லத் தெரியாதவர். “இல்ல அம்மா. ஒருத்தரும் இல்ல” என்றார்.

அந்த அம்மா திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கதிரேசனை, என்னை, பின்னால் நின்ற மற்றவர்களை. கடைசியில் தன் மகளைப் பார்த்தார்.

“பரவாயில்லை ஐயா” என்றார். “படிக்கட்டும்.”